செல்லரித்த வீடும் ஒரு சட்டமும்: லா ரோஷெல் கறையான்களின் கதை

"கறையான் புற்றெடுக்க, கருநாகம் குடிபுகும்" என்று ஒரு பழமொழி உண்டு. உழைப்பவன் ஒருவன், அனுபவிப்பவன் இன்னொருவன் என்பதற்குச் சொல்வார்கள். பழைய வீடு வாங்குகிறவர்கள் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். மனிதன் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் கறையான் வாடகை கொடுக்காமல் குடியேறி விடுகிறது. கட்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் வந்தவர்தான் கதவு நிலையைத் தட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரிந்து தலையில் கை வைத்து உட்காருகிறார்.

இந்த நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும்? விற்றவர் தலையிலா, வாங்கியவர் தலையிலா? பக்கத்து வீட்டில் பல வருடமாகக் கறையான் இருந்தும் வாயைத் திறக்காத அண்டை வீட்டுக்காரருக்கு இதில் பங்கே இல்லையா?

கேட்பதற்குச் சாதாரணமான கேள்விதான். ஆனால் இதற்கு ஒரு பதிலை எழுதி வைக்க பிரான்ஸ் தேசத்துக்கு ஏறத்தாழ இருநூறு வருடம் ஆனது. 1999 ஜூன் 8ஆம் தேதி அங்கே கறையானுக்கென்றே ஒரு தனிச் சட்டம் வந்தது. ஒரு பூச்சிக்கு எதற்குச் சட்டம் என்று சிரிப்பு வரலாம். அந்தச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், அதன் ஒவ்வொரு விதியும் கறையானின் ஒவ்வொரு குணத்துக்குப் பதில் சொல்வது போல அமைந்திருப்பது புரியும். அந்தக் குணங்களை பிரான்ஸ் கற்றுக்கொண்டது இரண்டு துறைமுக ஊர்களில்.

துறைமுகம் கொண்டுவந்த விருந்தாளி

லா ரோஷெல் என்ற பெயரை அலெக்சாண்டர் டூமாவின் 'மூன்று மஸ்கட்டியர்கள்' நாவலைப் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பிரான்சின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் கடலோரம் இருக்கும் ஊர். 1627-28ல் கார்டினல் ரிஷ்லியூவின் படைகள் இதை முற்றுகையிட்டு, பட்டினி போட்டுத்தான் பணிய வைக்க முடிந்தது. அதற்குப் பிறகு இந்த ஊர் கடல் வாணிபத்தில் கொழித்தது. கனடா, கரீபியன் தீவுகள், லூசியானா என்று அமெரிக்கக் கண்டத்துப் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கெல்லாம் இங்கிருந்து கப்பல்கள் போய் வந்தன. மிசிசிப்பி நதி முகத்துவாரத்தில் குடியேற்றம் அமைக்கப் புறப்பட்ட லா சால் 1684ல் கப்பலேறியதும் இங்கிருந்துதான்.

இதற்குத் தெற்கே, ஷராந்த் நதிக்கரையில் ரோஷ்ஃபோர் என்ற ஊர். 14ஆம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர் 1666ல் கடற்படைக் கப்பல் கட்டும் தளம் ஒன்றை இங்கே சதுப்பு நிலத்தில் உருவாக்கினார். கப்பல் கட்டும் ஊர் என்றால் மரம். எங்கு பார்த்தாலும் மரம்! கப்பல்கள் கரைக்குக் கொண்டுவந்த சரக்கில் பீப்பாய்கள், மரப்பெட்டிகள், வேரோடு மண் ஒட்டிய செடிகள் எல்லாம் அடக்கம். இவற்றில் எதிலும் கறையான் சௌகரியமாகப் பயணம் செய்யும்.

வந்து இறங்கிய இடமும் அதற்குத் தோதாக இருந்தது. பழைய வீடுகளுக்குக் கனமான சுண்ணாம்புக்கல் சுவர்கள். தளத்தைத் தாங்கும் மர உத்தரங்களின் முனைகள் அந்தச் சுவர்களுக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். லா ரோஷெல்லில் இன்னொரு வகை வீடும் உண்டு. மரச்சட்டங்களால் கட்டி, மழைச் சாரல் படாமல் இருக்க வெளிப்புறம் முழுக்கப் பலகைக்கல் வேய்ந்திருப்பார்கள். கடல் காற்றின் ஈரம், கடுமையில்லாத குளிர்காலம், சுவருக்குள் ஒளிந்திருக்கும் மரம். இதைவிட வேறென்ன வேண்டும்?

காகிதங்களைத் தின்ற கதை

ரோஷ்ஃபோரில் கறையான் முதலில் கவனத்துக்கு வந்தது 1797ல். அதன் பிறகு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு, ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெரு என்று பரவியது. பொபே-மொரோ என்பவர் 1843ல் ரோஷ்ஃபோர் கறையான்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார் என்றால் ஊர் எவ்வளவு அவதிப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பக்கத்தில் இருக்கும் டோனே-ஷராந்த் என்ற ஊரில் நடந்ததாக 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் ஒரு சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒரு வீட்டில் விருந்து. சாப்பாட்டு அறையின் தளத்தைத் தாங்கிய மரங்களைக் கறையான் உள்ளுக்குள்ளேயே தின்று தீர்த்திருந்தது யாருக்கும் தெரியாது. விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே தளம் உள்வாங்கி, விருந்து கொடுத்தவரும் விருந்தாளிகளும் சேர்ந்து கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டார்களாம்.

இதைவிடப் புகழ்பெற்றது லா ரோஷெல் மாவட்ட நிர்வாக அலுவலகத்தின் கதை. அங்கே ஆவணங்கள் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒருநாள் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே நாசம். ஆனால் அதுவரை ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. காரணம் என்ன தெரியுமா? சுவரில் பதித்திருந்த மரப்பலகை வழியாக வந்த கறையான், பெட்டிக்குள் நுழைந்து காகிதங்களை நிதானமாகத் தின்றிருக்கிறது. ஆனால் மேலே இருந்த தாளையும், தாள்களின் ஓரங்களையும் மட்டும் தொடவில்லை. திறந்து பார்க்கும் குமாஸ்தாவுக்குக் கட்டு ஒழுங்காக இருப்பது போலத்தான் தெரியும். எடுத்தால் உள்ளே வெறும் தூள்! இதற்குப் பிறகு அங்கே ஆவணங்களைத் துத்தநாகப் பெட்டிகளில் வைக்க ஆரம்பித்தார்கள்.

இந்த விவரங்களை உலகத்துக்குச் சொன்னவர் ஆர்மான் தெ காத்ருஃபாஜ் என்ற இயற்கை விஞ்ஞானி. 1853ல் அவர் லா ரோஷெல் கறையான்களைப் பற்றி எழுதினார். வெறுமனே வேடிக்கை பார்த்துவிட்டுப் போகாமல், இவற்றைக் கொல்ல எந்த வாயு பயன்படும் என்று சோதனையும் செய்தார். பல வாயுக்களை முயன்று பார்த்து, குளோரின்தான் சிறந்தது என்ற முடிவுக்கு வந்தார். கண்ணாடிக் குடுவைக்குள் அது வேலை செய்தது. ஆனால் ஒரு ஊரையே குடுவைக்குள் அடைக்க முடியுமா? சுவருக்கு அடியில், மண்ணுக்குள், தெருவுக்குக் கீழே இருக்கும் கூட்டத்துக்கு வாயுவை எப்படிக் கொண்டு சேர்ப்பது? அங்கேதான் சிக்கல்.

வெளியே தெரியாமல் இருப்பது எப்படி?

பெயரில் 'வெள்ளை எறும்பு' என்று சொன்னாலும் கறையான் எறும்பு இனமே இல்லை. வகைப்பாட்டில் அது கரப்பான் பூச்சிக்குத்தான் நெருங்கிய சொந்தம். மரத்திலும் காகிதத்திலும் உள்ள செல்லுலோஸ்தான் அதன் உணவு. லா ரோஷெல் கறையான் போன்றவற்றின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்க உதவுகின்றன.

கறையானுக்கு மெல்லிய தோல். வெயிலும் வறண்ட காற்றும் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் அது வெளிச்சத்துக்கு வருவதில்லை. மரத்தின் உள்ளே புகுந்து, மேல்தோலை மட்டும் கூரை போல விட்டுவிட்டு மற்றதைத் தின்கிறது. திறந்தவெளியைத் தாண்டியே ஆகவேண்டும் என்றால் மண்ணையும் எச்சிலையும் குழைத்து ஒரு குழாய்ப்பாதை கட்டிக்கொண்டு அதற்குள் போகிறது. மேல்தாளைக் கறையான் விட்டுவைத்தது மரியாதையால் அல்ல, உயிர்ப் பயத்தால்! ஆனால் வீட்டுக்காரருக்கு அதன் விளைவு ஒன்றுதான். வெளியே பளபளப்பு, உள்ளே பொக்கை.

கறையான்களின் வாழ்க்கையை விஞ்ஞானமுறையில் பதிவு செய்த ஆரம்பகாலக் கட்டுரைகளில் ஒன்று தஞ்சாவூர்ப் பகுதியில் பார்த்த கறையான்களைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது. தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கூனிக், டேனிஷ் மிஷனின் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். இங்கே அவர் கவனித்தவற்றை 1779ல் ஜெர்மன் மொழியில் எழுதி வெளியிட்டார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1781ல் ஹென்றி ஸ்மீத்மன் ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரைதான் அதிகம் பேசப்பட்டது. ராஜா, ராணி, சிப்பாய், வேலைக்காரர் என்று கறையான் கூட்டத்தின் அமைப்பு ஐரோப்பாவுக்கு இப்படித்தான் தெரியவந்தது.

ஆனால் கூனிக்கும் ஸ்மீத்மனும் பார்த்தவை புற்று கட்டும் கறையான்கள். புற்றை இடித்து ராணியைக் கண்டுபிடிக்கலாம். லா ரோஷெல்லில் புற்றே கிடையாது. அங்கே எதை இடிப்பது?

இந்தக் கறையான் எந்த ஊர்?

இந்தப் பூச்சிக்கு அடையாளம் கண்டுபிடித்த கதை ஒரு துப்பறியும் கதை மாதிரி இருக்கும்.

தென் ஐரோப்பாவில் இயற்கையாகவே ஒரு கறையான் இனம் உண்டு. ஆனால் லா ரோஷெல் கறையான் அதிலிருந்து வேறுபட்டிருந்தது. போர்தோ நகரத்து விஞ்ஞானி ழான் ஃபெய்தோ 1924ல் இதற்குத் தனிப் பெயர் கொடுத்தார். அந்த வட்டாரத்தின் பழைய பெயர் சேன்தோன்ழ். அதை வைத்து 'சான்டோனென்சிஸ்' என்று பெயரிட்டார். அதாவது, இது எங்கள் ஊர்க் கறையான் என்று பதிவாகிவிட்டது.

இதற்கிடையே இன்னொரு பழைய பதிவு இருந்தது. 1837ல் வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனைக் கண்ணாடித் தோட்டத்தில் ஒரு கறையான் கண்டுபிடிக்கப்பட்டு, வின்சென்ஸ் கொல்லார் அதற்கு 'ஃபிளாவிப்பஸ்' என்று பெயர் வைத்திருந்தார். தொட்டிச் செடிகளோடு வந்து சேர்ந்த பூச்சி அது. அதன் உண்மையான சொந்த நாடு வட அமெரிக்கா.

இந்த இரண்டும் ஒன்றுதானோ என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. 2005ல் வெளியான மரபணு ஆய்வு இரண்டும் ஒரே இனம்தான் என்று காட்டியது. 2013ல் வெளியான இன்னொரு ஆய்வு, பிரான்சில் உள்ளவை லூசியானாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சுட்டியது. லா ரோஷெல் கப்பல்கள் எந்த லூசியானாவுக்குப் போய் வந்தனவோ, அதே லூசியானா! 'எங்கள் ஊர்க் கறையான்' என்று எண்பது வருடம் நம்பப்பட்டது கப்பலேறி வந்த அமெரிக்கக் கறையான்.

இதில் வீடு வாங்குகிறவருக்கு முக்கியமான ஒரு தகவல் இருக்கிறது. பிரான்சில் வாழும் இந்தக் கறையான் கூட்டங்களில் ஒரே ஒரு ராணி என்ற கணக்கு கிடையாது. முட்டையிடக்கூடிய துணை ராணிகள் நிறைய. அருகருகே இருக்கும் கூட்டங்கள் சண்டை போடாமல் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஈசலாகப் பறந்து போய்ப் புதிதாகக் குடித்தனம் தொடங்குவதைவிட, மண்ணுக்கு அடியிலேயே கிளை விட்டு நீளுவதுதான் அதிகம். விளைவு, ஒரே கூட்டம் பல வீடுகளுக்கு அடியில் பரவிக் கிடக்கலாம். ஒரு வீட்டில் மருந்தடித்தால் பக்கத்து வீட்டில் மிச்சம் இருக்கும். கொஞ்ச நாளில் அது திரும்பி வரும்.

நமக்கு வீடு என்றால் நான்கு சுவர், ஒரு பத்திரம். கறையானுக்கு அந்தப் பத்திரம் தெரியாது. தெரு முழுக்க அதற்கு ஒரே வீடுதான்.

பழைய மரம், புதிய வீடு

மண்ணுக்கடியில் போவது மெதுவான வழி. வேகமான வழியை மனிதனே அமைத்துக் கொடுக்கிறான். இதற்கு செயின்ட் ஹெலினா தீவைவிட நல்ல உதாரணம் கிடையாது. நெப்போலியன் சிறை வைக்கப்பட்ட அதே தீவு.

அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களைப் பிடித்து அந்தத் தீவுக்குக் கொண்டுவருவது 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படையின் வேலை. பிடிபட்ட கப்பல்களை அங்கேயே உடைத்துவிடுவார்கள். 1840ஐ ஒட்டி அப்படி உடைக்கப்பட்ட ஒரு கப்பலின் மரத்தோடு கறையான் கரை இறங்கியது. தலைநகரமான ஜேம்ஸ்டவுன் அடுத்த இருபது முப்பது வருடங்களில் சின்னாபின்னமானது. நூலகத்துப் புத்தகங்களைக்கூட விடவில்லை. ஊரின் பெரும்பகுதியைத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. மரத்துக்குப் பதிலாக இரும்பும், மரம்தான் வேண்டும் என்ற இடத்தில் தேக்கும் வைத்துக் கட்டினார்கள்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது கழற்றி எடுக்கும் மரத்தை யாருக்காவது கொடுப்பதோ, விற்பதோ எல்லா ஊரிலும் வழக்கம். சிக்கனம்தான், தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த மரத்துக்குள் கறையான் இருந்தால், ஒரு வீட்டைச் சுத்தம் செய்த கையோடு இன்னொரு வீட்டைக் கெடுத்ததாக ஆகிவிடுகிறது.

விஷங்களின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கறையான் கதை முடிந்தது என்று மனிதன் நினைத்தான். குளோர்டேன், ஆல்ட்ரின், டீல்ட்ரின், ஹெப்டாகுளோர் என்று புதிய ரசாயனங்கள் வந்தன. அஸ்திவாரத்தைச் சுற்றி மண்ணில் ஊற்றினால் போதும், பல வருடங்களுக்குக் கறையான் நெருங்காது. கட்டிய வீடுகளில் சுவரிலும் தரையிலும் வரிசையாகத் துளை போட்டு மருந்தைச் செலுத்தினார்கள்.

பல வருடம் அழியாமல் இருப்பதுதான் இவற்றின் பெருமை. அதுவே இவற்றின் குற்றமும் ஆனது. கறையானுக்கு எதிராக அழியாமல் நின்ற விஷம், மண்ணிலும் நீரிலும் உயிர்களின் கொழுப்பிலும் அழியாமல் நின்றது. மருந்து போட்ட வீடுகளுக்குள் காற்றிலும் கலந்தது. அமெரிக்காவில் 1983க்குப் பிறகு குளோர்டேனுக்குக் கறையான் ஒழிப்பு ஒன்றுக்குத்தான் அனுமதி இருந்தது. 1988ல் அதுவும் நின்றது. 2001ல் கையெழுத்தாகி 2004ல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பன்னிரண்டு ரசாயனங்களில் மேலே சொன்ன நான்கும் இருக்கின்றன. பழைய வீட்டை வாங்கியவர் கறையானுக்குப் பயந்த காலம் போய், முன்பு இருந்தவர் கறையானுக்கு என்ன ஊற்றினாரோ என்று பயப்பட வேண்டிய காலம் வந்தது.

இன்னொரு பாதை 1995ல் திறந்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் நான்-யாவ் சூ உருவாக்கிய முறை அந்த வருடம் சந்தைக்கு வந்தது. கறையானை விரட்டாமல், அதற்குச் சாப்பாடு வைப்பது! கறையான் நடமாடும் இடத்தில் செல்லுலோஸில் கலந்த ஹெக்சாஃப்ளூமுரான் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் வைக்கிறார்கள். இது உடனே கொல்லாது. தோலுரிக்கும்போது புதிய தோல் உருவாகாமல் தடுக்கும். அதற்குள் கறையான்கள் அதை ஒன்றுக்கொன்று ஊட்டிவிட்டுக் கூட்டம் முழுக்கப் பரப்பிவிடும். கறையானின் கூட்டு வாழ்க்கையையே அதற்கு எதிராகத் திருப்பியது இந்த முறை.

1990களில் இந்த முறை பயன்பட்ட இடங்களில் ஒன்று நியூயார்க் சுதந்திர தேவி சிலை இருக்கும் தீவு. அங்கே ஒழிக்கப்பட்ட கறையான் எது தெரியுமா? அதே ஃபிளாவிப்பஸ்தான். பிரான்ஸ் அமெரிக்காவுக்குச் சிலையைப் பரிசாகக் கொடுத்தது. அமெரிக்கா அதற்கு முன்பே பிரான்சுக்குக் கறையானைக் கொடுத்துவிட்டது!

விற்றவரா, வாங்கியவரா?

இனி சட்டத்துக்கு வரலாம். 1804ல் வந்த நெப்போலியனின் சிவில் சட்டத்திலேயே இதற்கு ஒரு விடை இருந்தது. விற்ற பொருளில் மறைந்த குறைபாடு இருந்து, அதனால் பொருள் பயன்படாமல் போனால், விற்றவர் பொறுப்பு என்கிறது 1641ஆம் பிரிவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1643ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்தது. குறை இருப்பது தனக்குத் தெரியாத பட்சத்தில், "நான் பொறுப்பில்லை" என்று விற்பவர் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

கறையான் விஷயத்தில் இது எப்படி முடியும் என்று ஊகிக்கலாம். ஒப்பந்தத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டால், விற்றவருக்குக் கறையான் இருப்பது முன்பே தெரியும் என்று வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும். கறையானோ யார் கண்ணிலும் படாமல் இருப்பதையே பிழைப்பாகக் கொண்ட பூச்சி. எப்படி நிரூபிப்பது? தெரியாமல் இருப்பதே விற்பவருக்கு லாபம் என்றால், எந்த மனிதன் பலகையைப் பெயர்த்துப் பார்ப்பான்?

1999ஆம் வருடச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. அதன் முக்கியமான விதிகள் இவை:

1. தன் வீட்டில் கறையான் இருப்பது தெரிந்தவுடன், குடியிருப்பவர் அதை நகராட்சி அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டை விற்கப் போகிறாரா இல்லையா என்பது கணக்கே இல்லை.

2. கறையான் இருக்கும், அல்லது கொஞ்ச நாளில் வரக்கூடிய பகுதிகளை மாவட்ட நிர்வாகம் வரையறுத்து அறிவிக்க வேண்டும்.

3. அந்தப் பகுதிகளில் கட்டடத்தை இடிக்கும்போது, கறையான் பிடித்த மரத்தை அங்கேயே எரிக்க வேண்டும். முடியாவிட்டால் மருந்து போட்ட பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும்.

4. நகராட்சித் தலைவர், குறிப்பிட்ட பகுதியில் உள்ள உரிமையாளர்களைச் சோதனை செய்யவும் ஒழிக்கவும் சொல்லி உத்தரவு போடலாம். கேட்காவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு நகராட்சியே செய்துவிட்டு, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம்.

5. அந்தப் பகுதியில் வீடு விற்பவர், கறையான் சோதனை அறிக்கையைப் பத்திரத்தோடு இணைக்காவிட்டால், மறைந்த குறைபாட்டுக்கு "நான் பொறுப்பில்லை" என்று எழுதிக்கொள்ள முடியாது.

6. சோதனை செய்பவரே மருந்தடிக்கும் வேலையையும் செய்யக் கூடாது.

கடைசி விதி சின்னது போலத் தெரிந்தாலும் புத்திசாலித்தனமானது. மருந்து விற்பவரே வந்து சோதித்தால் எந்த வீட்டில் கறையான் இல்லாமல் இருக்கும்?

மூன்றாவது விதியில் செயின்ட் ஹெலினா தீவின் பாடம் இருக்கிறது. நான்காவது விதி, கறையான் தெரு முழுக்க ஒரே கூட்டமாக இருக்கும் என்ற உண்மைக்குப் பதில். முதல் விதியோ லா ரோஷெல் ஆவணப் பெட்டிக்குப் பதில். மேல்தாள் நன்றாக இருக்கிறதே என்று மூடி வைக்காதே, உள்ளே பார், பார்த்ததைச் சொல் என்கிறது அது.

முதலில் அறிக்கைக்கு மூன்று மாதம்தான் ஆயுள். பின்னர் அது ஆறு மாதமாக்கப்பட்டது. 2003ல் பாரிஸ் நகரம் முழுவதும் கறையான் பகுதியாக அறிவிக்கப்பட்டது. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கும் கறையான் தடுப்பு வேண்டும் என்ற விதிகள் 2006ல் வந்தன. இரண்டு துறைமுக ஊர்களின் தலைவலி இப்படி தேசத்தின் தலைவலியானது.

அறிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

சோதனை செய்பவர் கையில் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு விளக்கு, ஒரு கூரான குத்தூசி. நிலவறை, கதவு நிலை, தரையோரப் பலகை, மாடிப்படியின் அடிப்பகுதி, உத்தரம் சுவரில் செருகும் இடம் என்று மரத்தைத் தட்டிப் பார்க்கிறார், குத்திப் பார்க்கிறார். மண்குழாய் இருக்கிறதா, குழாய் கசிகிறதா என்று பார்க்கிறார். வீட்டைச் சுற்றி உள்ள மரக்கட்டை, அடிமரம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கிறார்.

ஆனால் அவர் எதையும் உடைக்க மாட்டார். ஒட்டிய பலகைக்குப் பின்னால், பூசிய சுவருக்குள் என்ன என்பது அவருக்கும் தெரியாது. பார்க்க முடியாத இடங்களை அறிக்கையில் குறித்து வைப்பார், அவ்வளவுதான். "அன்றைக்குப் பார்த்த இடங்களில் கறையான் அடையாளம் இல்லை" என்பதுதான் அறிக்கையின் பொருள். "இந்த வீட்டில் கறையான் வராது" என்பது அல்ல. வாங்குகிறவர்கள் பலர் கோட்டை விடும் இடம் இது. கவனித்துப் பார்த்தால், சுத்தமான அறிக்கை விற்பவருக்கும் ஒரு கேடயம்தான். நேர்மையாகச் சோதனை செய்து கொடுத்துவிட்டால் அவர் மறுபடியும் "நான் பொறுப்பில்லை" என்று எழுதிக்கொள்ளலாம். சட்டம் வாங்குபவருக்குத் தந்தது உத்தரவாதம் அல்ல, தகவல்.

அந்தத் தகவலை வைத்து என்ன செய்வது என்பது வாங்கியவர் கையில். பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது செய்யும் சில தவறுகள் எல்லா நாட்டுக்கும் பொது. மரத்தை முழுதாகச் சோதிக்காமல் மேலே புதுப் பூச்சும் பெயின்ட்டும் அடிப்பது. ஓட்டைக் குழாயையும் ஒழுகும் கூரையையும் விட்டுவிட்டு மருந்துக்கு மட்டும் செலவு செய்வது. மண் தரைக்கு மேல் கான்கிரீட் போட்டு, வெளியேற வழியில்லாத ஈரத்தைச் சுவருக்குள் ஏற்றிவிடுவது. வேலை முடிந்ததும் சென்ட்ரிங் பலகைத் துண்டுகளையும் மரச் சீவலையும் தரைக்கு அடியிலேயே போட்டு மூடுவது. இது கறையானுக்கு இலை போட்டுப் பந்தி வைப்பதற்குச் சமம்.

சீர்செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் ஈரத்தை நிறுத்த வேண்டும். அடுத்து மரத்துக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பை வெட்ட வேண்டும். பிறகு கறையான் கூட்டத்தை ஒழிக்க வேண்டும். கெட்டுப்போன மரத்தை மாற்றுவதும் அழகு பார்ப்பதும் அதற்குப் பிறகுதான். உத்தரம் தாங்கும் நிலையில் இல்லையென்றால் முட்டுக் கொடுப்பது மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால்.

சொல்லாமல் விட்டால்...

இவ்வளவும் செய்தாலும் லா ரோஷெல் பகுதியிலிருந்து கறையான் போய்விடவில்லை. இன்றும் இருக்கிறது. சட்டத்தால் பூச்சியைக் கொல்ல முடியாது. பின் அதனால் என்ன லாபம்?

கறையானின் உண்மையான பலம் அதன் பல்லில் இல்லை. ஒளிந்திருப்பதில்தான் இருக்கிறது. தோல் மெலிந்த, வெயில் பட்டால் செத்துப்போகிற ஒரு பூச்சி ஊரையே அரித்தது, யாரும் பார்க்காததால். பார்த்தவர்களும் சொல்லாததால். வீட்டில் கறையான் என்று வெளியே தெரிந்தால் விலை குறையும், கௌரவம் போகும் என்று விற்பவர் மறைத்தார். மருந்துக்குச் செலவாகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் மறைத்தார். மனிதர்கள் மறைத்த ஒவ்வொரு வருடமும் கறையானுக்குக் கிடைத்த இலவசச் சாப்பாடு.

1999ஆம் வருடச் சட்டம் முதலில் கைவைத்தது அந்த மறைப்பில்தான். கறையான் வருவது யாருடைய குற்றமும் இல்லை, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம் என்று அது கோடு போட்டது. இதனால் வாங்குபவருக்கு விலை பேசும் முன்பே விஷயம் தெரிகிறது. விற்பவருக்கும் பயந்து மறைக்க வேண்டிய அவசியம் குறைகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தன் சுவரைத் தட்டிப் பார்க்க ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது.

பழைய வீடு வாங்கும் ஆசை நல்ல ஆசைதான். கனமான சுவரும், உயரமான கூரையும், தலைமுறை பார்த்த கதவும் இப்போது கட்டும் வீடுகளில் எங்கே கிடைக்கிறது? ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை நிலைக் கதவின் அடியைத் தட்டிப் பார்ப்பது நல்லது. இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் போய், "உங்கள் வீட்டில் கறையான் தொந்தரவு உண்டா?" என்று கேட்டுவிடுவது அதைவிட நல்லது. லா ரோஷெல்காரர்கள் இருநூறு வருடத்தில் கற்றுக்கொண்டது கிட்டத்தட்ட இதைத்தான்.